ஏழாம் அத்தியாயம்: ஒரு கூரையின்கீழ் இல்லாத குழு

ஒரே காரியத்திற்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, ஆனால் ஒரே இடத்தில் அமராமல், சென்னையில் இருவரும் லண்டனில் ஒருவரும் நியூயார்க்கில் மூவருமாகப் பிரிந்திருந்து, மின்னஞ்சலையும் காணொலிக் கூட்டத்தையும் பொதுக் கோப்புகளையும் துணையாகக் கொண்டு வேலையை நடத்திச் செல்லும் மனிதர்களை மெய்நிகர் குழு என்று இக்காலத்தில் வழங்குகிறோம். பெயர் புதிது, கருவிகளும் புதியவை. ஆயினும் முகம் காணாதவரோடு கூடி உழைக்கும் வழக்கம் நெடுநாளையது. 1879-ல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியப் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே, லண்டனை அடுத்த மில் ஹில்லில் தம் தோட்டத்தில் இரும்புத் தகடுகளால் அமைத்துக்கொண்ட ஒரு கொட்டகையில் உட்கார்ந்தபடியே, பல தேசங்களிலும் சிதறிக் கிடந்த தொண்டர்களிடமிருந்து தபால் மூலம் சொற்களைத் திரட்டினார். அவர்களுள் பெரும்பாலோரை அவர் கண்ணால் கண்டதில்லை. சீட்டின் இடப்பக்க மேல்மூலையில் சொல்லை எழுத வேண்டும், அதன்கீழ் ஆண்டும் ஆசிரியர் பெயரும் நூலும் பக்கமும் குறித்து, பின்னர் மேற்கோளைத் தரவேண்டும் என்று அவர் வகுத்துத் தந்த நியதி ஒன்றே அத்தனை பேரையும் ஒரு குழுவாகப் பிணைத்தது. அகராதியின் முதற்பகுதி 1884-ல் வெளிவந்தது. மர்ரே 1915-ல் காலமானார். வேலை நிற்காமல் நடந்து 1928-ல் முற்றுப்பெற்றது.

ஒரே கூரையின்கீழ் உழைப்போர் ஒரு பெரும் சௌகரியத்தை விலையின்றிப் பெறுகிறார்கள். விலையின்றிப் பெறுவதனாலேயே அதன் மதிப்பை அவர்கள் உணர்வதில்லை. அடுத்த மேஜையில் நடக்கும் சம்பாஷணை தானாகக் காதில் விழுகிறது. மேலதிகாரியின் முகக்குறிப்பு அவர் வாய் திறப்பதற்கு முன்பே சங்கதியைச் சொல்லிவிடுகிறது. நண்பர் இன்று வரவில்லை என்பதை அவருடைய வெறும் நாற்காலியே அறிவித்துவிடுகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தாமஸ் ஆலன், ஆராய்ச்சிக்கூடங்களில் பொறியாளர்கள் ஒருவரோடொருவர் எவ்வளவு அடிக்கடி கலந்து பேசுகிறார்கள் என்பதை அளந்து 1977-ல் ஒரு நூலாக வெளியிட்டார். இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக்கூட அந்தப் பேச்சு விரைந்து குறைந்து, ஐம்பது மீட்டர் அளவிலேயே மிகவும் அருகிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. அப்படியானால் ஒரே கட்டடத்தில் மாடி வேறானாலே குழு பாதி மெய்நிகராகிவிடுகிறது. இடையில் கடலும் குறுக்கிட்டால் கேட்க வேண்டியதில்லை.

இந்த அத்தியாயம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. தொலைவு தானாக ஒரு காரியத்தைக் கெடுத்துவிடுவதில்லை. சொல்லாமலே விளங்கும் என்று இரு தரப்பாரும் விட்டுவிட்டவை கெடுக்கின்றன. ஆதலின், கூரை இனாமாக அளித்து வந்தவற்றை எழுத்தாலும் ஏற்பாட்டாலும் குழுவினர் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். எவற்றை, எவ்வாறு என்பதை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொல்லாமலே விளங்கும் என்னும் நம்பிக்கை

செவ்வாய்க் கிரகத்தின் தட்பவெப்பத்தை ஆராய்வதற்கென அமெரிக்காவின் நாசா 1998 டிசம்பர் 11-ல் ஏவிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்னும் விண்கலத்தை, கலிபோர்னியாவில் பசடேனாவிலிருந்த ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தாரும் கொலராடோவில் டென்வரிலிருந்த லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தாரும் கூடி நடத்தினார்கள். கலத்தின் சிறிய உந்திகள் எரியும்போதெல்லாம் உண்டாகும் விசையின் அளவை டென்வரில் கணக்கிட்டுக் கோப்பாக அனுப்புவார்கள். அந்த எண்ணைக் கொண்டு பசடேனாவில் கலத்தின் பாதையைக் கணிப்பார்கள். அனுப்பியவர் கணக்கு பவுண்டு அளவில் இருந்தது. பெற்றவர் அதை நியூட்டன் அளவென்று கொண்டார். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 4.45 மடங்கு. ஒன்பது மாதப் பிரயாணத்தில் இந்தச் சிறு பிழை துளித்துளியாகச் சேர்ந்து, 1999 செப்டம்பர் 23 அன்று, செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் செல்லவேண்டிய கலத்தை 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கிவிட்டது. கலத்தோடு இருந்த தொடர்பு அன்று அற்றது, சுமார் 12.5 கோடி டாலர் பெறுமான கலம் வீணாயிற்று.

இந்தக் கதையை அளவு முறைகளின் குழப்பத்துக்கு உதாரணமாகச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். ஆனால் குழுவை நடத்துவோர் கவனிக்கவேண்டிய இரண்டு சூக்ஷ்மங்கள் அதனுள் இருக்கின்றன. மெட்ரிக் அளவையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி எழுத்தில் இல்லாமற் போகவில்லை, இருக்கவே இருந்தது. எழுதியபடி கோப்பு வருகிறதா என்று ஒருமுறையேனும் சோதித்துப் பார்க்கும் பொறுப்பைத்தான் எவரும் மேற்கொள்ளவில்லை. அன்றியும், கணக்கு எங்கோ ஒத்துவரவில்லை என்ற சந்தேகம் பாதை கணித்தவர்களுக்கு முன்கூட்டியே தோன்றியிருந்தது. அது முறைசாரா வகையில் பேசப்பட்டதேயன்றி, கோளாறுகளைப் பதிவு செய்வதற்கென்றே அங்கு இருந்த முறைப்படி பதிவாகவில்லை. விதி எழுதப்பட வேண்டும், எழுதியது சோதிக்கப்பட வேண்டும், சந்தேகம் பதிவாக வேண்டும் என்ற மூன்றில் முதலாவதை மட்டும் செய்துவிட்டு நிம்மதியடைவதே தொலைவில் பணிபுரிவோர் பலரும் செய்யும் தவறு.

ஐரோப்பாவில் ஏர்பஸ் நிறுவனத்தின் ஏ380 விமானத்திற்கு நேர்ந்ததும் இதன் உடன்பிறப்பே. ஒரு விமானத்தினுள் சுமார் 530 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கம்பிகள் ஓடும் அந்தப் பெரும் வேலையில், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருந்தவர்கள் வரைபட மென்பொருளின் பழைய பதிப்பையும், பிரான்சின் தூலூஸில் இருந்தவர்கள் புதிய பதிப்பையும் கையாண்டார்கள். இரண்டும் ஒரே மென்பொருள், ஒரே பெயர். அதனால் ஒத்துப்போகும் என்று எண்ணத் தோன்றும். பாகங்களைப் பொருத்தும் வேளையில் கம்பிக்கட்டுகள் எட்டவில்லை. அவற்றை மறுபடியும் வடிவமைத்துப் பொருத்தி முடிப்பதில் காலம் கடந்து, சுமார் இரண்டு வருஷத் தாமதத்திற்குப் பின், 2007 அக்டோபரிலேதான் முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு ஒப்படைக்கப்பட்டது.

குழுவின் உடன்படிக்கை

ஆகவே வேலை தொடங்குமுன் குழுத்தலைவர் செய்யவேண்டிய முதற்காரியம், இரண்டு பக்கத்துக்கு மேற்படாத ஓர் உடன்படிக்கையை, தாமே எழுதி மற்றவர்களுக்கு அனுப்பாமல், எல்லோருமாகக் கூடி எழுதிக்கொள்வதாகும். அதில் பின்வரும் விஷயங்கள் இடம்பெற வேண்டும்.

1. நோக்கம்: எந்த நிலையை அடைந்தால் வேலை முடிந்ததாகக் கொள்வது என்பது. 'நன்றாகச் செய்து தருவது' என்பது நோக்கமாகாது. யார் பார்த்து ஏற்றுக்கொண்டால் முடிவு என்பதைச் சொல்ல வேண்டும்.

2. பொறுப்பு: ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர்கள் இருந்தால் இருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள்.

3. அளவும் வடிவமும்: அளவு முறை, நாணயம், மென்பொருளின் பதிப்பு, கோப்புக்குப் பெயரிடும் முறை ஆகியவை. 04/05 என்று எழுதினால் நமக்கு மே மாதம் 4-ம் தேதி, அமெரிக்கருக்கு ஏப்ரல் 5-ம் தேதி. நாம் 1,00,000 என்று எழுதும் லட்சத்தை அவர்கள் 100,000 என்று எழுதுகிறார்கள். மாதத்தை எழுத்தால் எழுதுவது என்று தீர்மானித்துக்கொண்டாலே பல தொல்லைகள் தீரும்.

4. வழி: எந்த விஷயம் எந்த வழியாகச் செல்லும் என்பது. அவசரமானால் தொலைபேசி, அன்றாட வேலைக்குக் குழு அரட்டை, முடிவுகளுக்குப் பொதுக் கோப்பு என்று ஏதேனும் ஒரு பாகுபாடு இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் பாதியும் மின்னஞ்சலில் பாதியுமாகச் சிதறிய விஷயத்தைப் பிறகு தேடி எடுக்க இயலாது.

5. பதில் தரும் காலம்: அந்தந்த வழிக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில் என்பது.

6. முடிவு: எந்த வகை முடிவை யார் எடுக்கலாம், அது எங்கே பதிவாகும் என்பது.

7. சந்தேகம்: ஏதோ ஒத்துவரவில்லை என்று எவருக்குப் பட்டாலும், ஆதாரம் போதாவிட்டாலும்கூட, அதை எழுதி வைப்பதற்கு ஓரிடம், அதை வாரந்தோறும் படித்துத் தீர்ப்பதற்கு ஒரு பெயர்.

உடன்படிக்கையை எழுதிய பின்னர், உண்மையான வேலை தொடங்குமுன், ஒரு சிறிய மாதிரிக் காரியத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பார்ப்பது அத்தியாவசியம். ஒரே ஒரு கோப்பை அனுப்பி, பெற்றவர் அதைத் திறந்து, கணக்கிட்டு, விடையைத் திருப்பி அனுப்பி, அனுப்பியவர் தம் கையாலேயே அதைச் சரிபார்ப்பதற்கு அரைநாள் செலவாகலாம். பொருந்தாத கம்பிக்கட்டை அந்த அரைநாளில் கண்டுபிடித்துவிடலாம்.

மௌனத்தின் பொருள்

நேரில் இருப்பவரின் மௌனத்தை முகம் விளக்குகிறது. தொலைவில் இருப்பவரின் மௌனத்தை விளக்க எதுவும் இல்லை. கேத்தரின் கிராம்டன் என்னும் ஆராய்ச்சியாளர், வெவ்வேறு இடங்களிலிருந்து பணிபுரிந்த 13 குழுக்களின் கடிதப் போக்குவரத்தை ஆராய்ந்து 2001-ல் எழுதிய கட்டுரையில், இத்தகைய குழுக்களில் நேரும் தவறுகளை ஐந்து வகையாகப் பிரித்தார். தம் இடத்து நிலைமையைச் சொல்லாமலும் பிறருடையதை நினைவில் வைக்காமலும் இருப்பது, செய்தி எல்லோருக்கும் ஒரேவிதமாகச் சென்று சேராமல் போவது, சொன்னவற்றுள் எது முக்கியம் என்பது கேட்டவருக்கு விளங்காமல் போவது, செய்தி போய்ச் சேரும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுவது, மௌனத்தின் பொருள் புரியாமல் போவது என்பவை அந்த ஐந்து.

இவற்றில் கடைசியே மனஸ்தாபத்துக்கு வித்திடுவது. பதில் வராதபோது, அவர் ஒப்புக்கொண்டார் என்று ஒருவரும், அவருக்குக் கோபம் என்று இன்னொருவரும், அவருக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை என்று மூன்றாமவரும் எண்ணுகிறார்கள். அவரோ தீபாவளிக்கு ஊருக்குப் போயிருக்கிறார். நிலைமையால் நேர்ந்ததை மனிதரின் குணத்தின்மேல் ஏற்றிச் சொல்லும் இந்தப் போக்கு, ஒருவரையொருவர் நேரில் கண்டிராத இடத்தில் பன்மடங்காகிறது. சென்னையில் புயல் வந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லை என்பது நியூயார்க்கில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? நாம் சொன்னாலன்றித் தெரியாது.

இதற்குப் பரிகாரம் சிக்கலானதன்று. செய்தி கண்டதும், பதில் எழுத நேரமில்லாவிட்டாலும், 'கண்டேன், வியாழக்கிழமை எழுதுகிறேன்' என்று ஒரு வரி அனுப்புவதை விதியாக்க வேண்டும். அவரவர் ஊர் விடுமுறைகளை, பொங்கலும் ஈஸ்டரும் நன்றியறிதல் நாளும் உட்பட, ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரே நாட்காட்டியில் எல்லோரும் குறித்து வைக்க வேண்டும். சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்ற வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அது தவிர்க்க முடியாததாயின், 'வெள்ளிக்கிழமை மாலை சென்னை நேரம் 5 மணிக்குள் ஆட்சேபம் வராவிட்டால் இப்படியே செய்வேன்' என்று நாளும் வேளையும் குறித்து எழுத வேண்டும்.

நம்மவர் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் முன்னிலையிலோ மூத்தவர் முன்னிலையிலோ 'முடியாது' என்று சொல்வதை மரியாதைக் குறைவாகக் கருதும் வளர்ப்பு நம்முடையது. 'முயன்று பார்க்கிறேன் சார்' என்று சொல்லிவிட்டுப் பின்னர் இரவு பகலாகத் தவிப்போர் அநேகர். ஆகவே தலைவர் 'முடியுமா?' என்று கேட்பதை விட்டு, 'இதில் எந்தப் பகுதி தாமதமாகக்கூடும்? அதற்கு என்ன வேண்டும்?' என்று கேட்பாராயின், மறுப்பு என்னும் அபவாதம் இல்லாமலே உண்மை வெளிவரும்.

கடிகாரமும் நாட்காட்டியும்

இந்தியாவின் கடிகாரம் வருஷம் முழுவதும் ஒரே நிலையில் இருக்கிறது; லண்டனும் நியூயார்க்கும் தங்கள் கடிகாரங்களைக் கோடைக்கு ஒருமுறையும் குளிர்காலத்துக்கு ஒருமுறையும் மாற்றிக்கொள்கின்றன. சென்னை நேரம் லண்டனைவிடக் கோடையில் நாலரை மணியும் குளிர்காலத்தில் ஐந்தரை மணியும் முன்னே செல்கிறது. நியூயார்க்கைவிடக் கோடையில் ஒன்பதரை மணியும் குளிர்காலத்தில் பத்தரை மணியும் முன்னே செல்கிறது. சிங்கப்பூரோ என்றும் நமக்கு இரண்டரை மணி முன்னே நிற்கிறது.

இதிலுள்ள சங்கடம், அந்த இரு தேசங்களும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை என்பது. அமெரிக்கர் மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையும் மாற்றுகிறார்கள். ஆங்கிலேயர் மார்ச், அக்டோபர் ஆகிய மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றுகிறார்கள். நியூயார்க்கில் காலை 9 மணிக்கென்று நிச்சயித்த வாராந்தரக் கூட்டம், ஜூலையில் சென்னைக்கு மாலை 6.30, லண்டனுக்குப் பகல் 2 மணி. ஜனவரியில் சென்னைக்கு இரவு 7.30, லண்டனுக்கு அதே 2 மணி. மார்ச் நடுவிலோ சென்னைக்கு 6.30, லண்டனுக்கு 1 மணி. மார்ச்சிலும் அக்டோபர் இறுதியிலும் கூட்டத்துக்கு யாரோ ஒருவர் ஒரு மணி முன்னோ பின்னோ வந்து தனியே காத்திருப்பதன் ரகசியம் இதுவே. கூட்டத்தின் நேரம் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பின்பற்றும் என்பதை உடன்படிக்கையில் எழுதிவிட்டு, மேற்சொன்ன நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் முந்தின வாரம் ஒரு நினைவூட்டலை அனுப்புவது குழுச் செயலாளரின் கடமையாக இருக்கட்டும்.

நேரம் குறிப்பதில் நியாயமும் ஒன்று உண்டு. கலிபோர்னியாவோடு பணிபுரியும் சென்னைக்காரருக்குப் பன்னிரண்டரை மணியோ பதின்மூன்றரை மணியோ வித்தியாசம். யாரேனும் ஒருவர் இரவில் விழித்தே தீரவேண்டும். அந்த ஒருவர் எப்போதும் சென்னைக்காரராகவே இருப்பது பலகாலமாக நடந்துவரும் வழக்கம். வழக்கமென்பதனால் அது தர்மமாகிவிடாது. அகால வேளைக் கூட்டத்தை ஒரு மாதம் இவர்களுக்கும் மறுமாதம் அவர்களுக்குமாக முறை வைத்து மாற்றுவது அந்தக் குழுவில் இரு தரப்பாரும் சமம் என்பதற்குத் தலைவர் அளிக்கக்கூடிய பிரத்தியட்ச அத்தாட்சி. அதைவிடச் சிறந்தது, கூட்டங்களின் எண்ணிக்கையையே குறைத்து, எழுத்தால் முடியக்கூடியதை எழுத்துக்கு விட்டுவிடுவது. எழுத்து நன்றாக அமைந்தால் கால வித்தியாசமே அனுகூலமாகவும் ஆகும். இங்கே மாலையில் முடித்து அனுப்பியது அங்கே பகலில் பரிசீலிக்கப்பட்டு, மறுநாள் காலை நம் மேஜைக்குத் திரும்பி வந்திருக்கும்.

எழுத்தும் பேச்சும்

எதை எழுதுவது, எதைப் பேசுவது என்பதற்கு எளிய விதி ஒன்று சொல்லலாம். செய்தி, நிலவரம், முடிவு ஆகியவற்றை எழுத வேண்டும். கருத்து வேற்றுமை, கண்டனம், துக்கம் ஆகியவற்றைப் பேச வேண்டும். ஒரே விஷயத்தில் மூன்று முறை மாறி மாறி எழுதியும் தீரவில்லையென்றால், நான்காவது கடிதத்தை எழுதாமல் தொலைபேசியை எடுக்க வேண்டும். பேசி முடித்தபின் முடிவை இரண்டு வரியில் எழுதிப் பொதுக் கோப்பில் சேர்க்க வேண்டும்.

எழுதும் செய்தி, பெறுபவர் திருப்பி ஒரு கேள்வியும் கேட்காமல் காரியத்தில் இறங்கும்படி அமைய வேண்டும். 'சார், அந்த ஃபைல் ரெடியா?' என்று சென்னையிலிருந்து ஒருவர் மாலையில் கேட்டால், 'எந்த ஃபைல்?' என்ற பதில் நள்ளிரவில் வரும். அதற்கு விளக்கம் மறுநாள் காலையில் போகும். ஒரு சிறு கேள்வியில் இரண்டு நாட்கள் கழிந்துவிடும். அதையே இப்படி எழுதலாம்: 'சார், வணக்கம். செப்டம்பர் மாத விலைப்பட்டியலின் இரண்டாவது தாளில் உங்கள் ஒப்புதல் வேண்டும். கோப்பின் இணைப்பு கீழே இருக்கிறது. 14-வது வரியில் வரி விகிதத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன். காரணத்தை அதன் அருகிலேயே எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை உங்கள் நேரம் மாலை 4 மணிக்குள் கிடைத்தால் வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம். தாமதமானால் திங்கட்கிழமைதான், அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.' எது வேண்டும், எங்கே இருக்கிறது, எப்போது வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்ற நான்கும் இதில் அடங்கிவிட்டன. கடைசி வாக்கியம், விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதையும் தெரிவித்துவிட்டது.

முடிவுகளுக்கென்று தனிக் கோப்பு ஒன்று இருக்க வேண்டும். தேதி, முடிவு, எடுத்தவர், காரணம், தள்ளப்பட்ட மாற்று யோசனை என்று ஐந்து பத்திகள் போதும். தள்ளப்பட்ட யோசனையையும் அது தள்ளப்பட்ட காரணத்தையும் எழுதாவிட்டால், ஆறு மாதம் கழித்துப் புதிதாக வருபவர் அதே யோசனையைப் புதுமையென்று கொண்டுவருவார். பழைய விவாதம் முழுவதும் மறுபடி நடக்கும்.

காணொலிக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிகழ்ச்சி நிரல் முந்தின நாளே வந்திருக்க வேண்டும். நிரல் வராத கூட்டத்துக்குப் போகாமலிருக்க எவருக்கும் உரிமை உண்டு. சிலர் ஓர் அறையில் கூடியும் மற்றவர்கள் தனித்தனியே வீட்டிலிருந்தும் கலந்துகொள்வதாயின், அறையில் இருப்போரும் தத்தம் கணினியின் வழியாகவே கலந்துகொள்வது நலம். இல்லாவிட்டால் அறைக்குள் நடக்கும் பேச்சே கூட்டமாகி, வெளியில் இருப்பவர் வெறும் பார்வையாளராகிவிடுவார். தலைவர் தம் அபிப்பிராயத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். இளையவரை முதலில் பேசச் சொல்ல வேண்டும்.

மேற்பார்வையும் தனிமையும்

கண்ணுக்கு எட்டாதவர் வேலை செய்கிறாரா என்ற ஐயம் மேலதிகாரிகளை வாட்டுவது இயல்பு. சீனாவில் சிட்ரிப் என்னும் பிரயாண ஏற்பாட்டு நிறுவனம், தன் தொலைபேசிச் சேவைப் பணியாளர்களில் விரும்பி முன்வந்தோரைச் சீட்டுப்போட்டதுபோல் இரு கூறாக்கி, ஒரு கூறினரை வாரத்தில் நான்கு நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யவிட்டு ஒன்பது மாதம் கவனித்தது. நிக்கோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, வீட்டிலிருந்தோரின் வேலை 13 சதவீதம் உயர்ந்தது. வேலையை விட்டுச் செல்வோர் தொகை பாதியாகக் குறைந்தது. ஐயம் கொண்டோர் இதைக் கேட்டு ஆறுதலடையலாம்.

ஆனால் அதே ஆராய்ச்சி மறுபக்கத்தையும் காட்டிற்று. வேலையின் தரத்தை வைத்துப் பார்க்கும்போது, வீட்டிலிருந்தோருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. வாய்ப்பை மறுபடியும் அளித்தபோது தனிமை தாளாமல் அலுவலகத்துக்கே திரும்பியவர்களும் பலர். கண்ணில் படாதவர் மேலதிகாரியின் கருத்திலும் படாமல் போவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்துக்கு எதிராக ஏற்பாடு செய்வதே நல்ல நிர்வாகம்.

எனவே தலைவர், ஒருவர் எத்தனை மணி நேரம் திரையின்முன் இருந்தார், அரட்டைப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததா என்று வேவு பார்ப்பதை விட்டுவிட்டு, ஒப்புக்கொண்ட வேலை ஒப்புக்கொண்ட நாளில் ஒப்புக்கொண்ட தரத்தில் வந்ததா என்பதையே அளக்க வேண்டும். ஒவ்வொருவரோடும் வாரத்துக்கு அரைமணி தனியே பேச வேண்டும். அந்த அரைமணியில் வேலை நிலவரத்தைக் கேட்பதைக் குறைத்து, தடை என்ன, சிரமம் என்ன, அடுத்து எதைக் கற்க விருப்பம் என்பவற்றைக் கேட்க வேண்டும். பதவி உயர்வைப் பரிசீலிக்கும் காலத்தில், அருகில் இருப்போர் பெயரையும் தொலைவில் இருப்போர் பெயரையும் ஒரே தாளில் எழுதி, ஒவ்வொருவர் செய்ததையும் முடிவுக் கோப்பிலிருந்தே எடுத்து எதிரே குறித்துப் பார்த்தால், பாரபட்சம் தானே கண்ணில் படும்.

உறுப்பினருக்கும் கடமை உண்டு. வேலை முடியும் வேளையை முன்கூட்டியே அறிவித்து, அந்த வேளைக்குப் பின் வரும் செய்திக்கு மறுநாள்தான் பதில் என்று வைத்துக்கொள்ள வேண்டும். தாம் செய்ததைத் தாமே வாரந்தோறும் ஐந்து வரியில் எழுதிக் குழுவினருக்கு அனுப்ப வேண்டும்; இதைத் தற்புகழ்ச்சி என்று கூசுவோர், எழுதாவிட்டால் பிறர் அறிய வேறு வழியில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

பிரிந்து செய்வதும் கூடி முடிப்பதும்

தொலைவைச் சமாளிப்பதோடு நில்லாமல் அதையே பலமாக்கிக்கொண்ட ஒரு குழுவைச் சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலில் ஹவாய், அரிசோனா, மெக்ஸிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் ஆகிய ஆறு இடங்களிலிருந்த எட்டு வானொலித் தொலைநோக்கிகள் ஒரே அணியாக வானை நோக்கின; அவற்றுள் தென்துருவத்தினது தவிர ஏனையவை எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்தை ஏககாலத்தில் நோக்கின. திரண்ட தகவல் இணையத்தில் அனுப்ப முடியாத அளவு பெரிதாகையால், வன்தட்டுகள் விமானத்தில் ஏற்றி மாசசூசெட்ஸுக்கும் ஜெர்மனியின் பான் நகருக்கும் அனுப்பப்பட்டன. தென்துருவத்தின் தட்டுகள் மட்டும் அங்கே குளிர்காலம் கழியும் வரை காத்திருந்தன. அதன்பின் படம் அமைக்கும் கட்டத்தில் குழுவினர் நான்காகப் பிரிந்து, ஒரு பிரிவின் முடிவு மற்றொரு பிரிவின் கண்ணை மயக்கிவிடக்கூடாது என்பதற்காக, ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று விரதம் பூண்டு, சில வாரங்கள் தனித்தனியே உழைத்தார்கள். 2018 ஜூலையில் ஓரிடத்தில் நேரில் கூடி நான்கு படங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தபோது, நான்கிலும் ஒளிவளையம் இருந்தது. கருந்துளையின் அந்த முதற்படம் 2019 ஏப்ரல் 10-ல் உலகுக்கு வெளியிடப்பட்டது.

முன்னர் நாம் கண்ட மௌனம் தற்செயலாக நேர்ந்தது, ஆகவே கெடுத்தது. இங்கே கண்ட மௌனம் எல்லோரும் ஒப்பி ஏற்றது, இத்தனை நாள் என்று எல்லை உடையது, ஆகவே காத்தது. இதிலிருந்து பெறும் விதியும் தெளிவானது. சோதித்தல், எழுதுதல், கணக்கிடுதல் முதலிய வேலைகளைப் பிரிந்து செய்யலாம், பல வேளைகளில் பிரிந்தே செய்ய வேண்டும். நோக்கத்தை வகுப்பதற்கும், பெரிய முடிவை ஒப்பிட்டு எடுப்பதற்கும், மனஸ்தாபத்தைத் தீர்ப்பதற்கும் நேரில் கூடுவது மேல். வருஷத்துக்கு ஒரே ஒரு பிரயாணத்துக்கே பணம் இருக்குமானால், வெற்றி விழாவுக்கென்று அதை வைத்திராமல் தொடக்கத்திலேயே செலவிடுவது புத்திசாலித்தனம். முதலில் ஒருவரோடொருவர் உட்கார்ந்து உண்டவர்கள், பிறகு வரும் சுருக்கமான கடிதத்தில் கோபத்தைத் தேட மாட்டார்கள்.

முதல் மாதத்தில் செய்யவேண்டியவை

முதல் வாரம், உடன்படிக்கையைக் கூடி எழுதி, விடுமுறை நாட்காட்டியை நிரப்புக. இரண்டாம் வாரம், மாதிரிக் காரியம் ஒன்றை முனைக்கு முனை ஓட்டிப் பார்த்து, கண்ட பிழைகளை உடன்படிக்கையில் ஏற்றுக. மூன்றாம் வாரம், முடிவுக் கோப்பையும் சந்தேகப் பதிவையும் தொடங்கி, ஒவ்வொருவரும் ஒரு பதிவேனும் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க. நான்காம் வாரம், ஒவ்வொருவரோடும் தனியே பேசி, எந்தச் செய்தி தமக்குக் கடைசியாக வந்து சேர்கிறது என்று கேட்டறிக. அந்தப் பதிலில் குழுவின் ஓட்டை இருக்கும்.

மாத முடிவில் ஒரு பரீட்சையும் வைத்துக்கொள்ளலாம். குழுவில் ஒருவரைத் தேர்ந்து, அவரை ஒரு வாரம் விடுமுறையில் அனுப்பிவிட்டு, அவர் வேலையை மற்றொருவர், அவரிடம் ஒரு கேள்வியும் கேளாமல், எழுதி வைத்தவற்றை மட்டும் கொண்டு தொடர முடிகிறதா என்று பாருங்கள். எங்கே தட்டுகிறதோ, அங்கே ஏதோ ஒன்று இன்னும் ஒருவர் மனத்துக்குள்ளேயே இருக்கிறது என்று பொருள். அதை எழுதிவிட்டு, அடுத்த மாதம் வேறொருவரை அனுப்புங்கள். முதன்முதலில் விடுமுறையில் செல்லவேண்டியவர் தலைவரே.